சைதாப்பேட்டைப் பண்ணையும் தாம்பரத்துப் புதர்க்காடும்

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் சைதாப்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே அரை மணி நேரப் பயணம். இரண்டு ஊர்களிலும் வெவ்வேறு காலத்தில் கல்விக்கென்று சில நூறு ஏக்கர் நிலம் ஒதுக்கினார்கள். சைதாப்பேட்டையில் 1860களின் நடுவில் சென்னை மாகாண அரசு ஓர் ஆராய்ச்சிப் பண்ணை போட்டது. அதையொட்டி வேளாண் பள்ளி வந்தது. 1876இல் கல்லூரி ஆனது. தாம்பரத்தில், சேலையூர்க் காட்டின் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டு, சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து குடிபெயர்ந்தது.

இந்த இரண்டையும் யாரும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. சைதாப்பேட்டைப் பண்ணை வேளாண் கல்வியின் வரலாற்றில் ஒரு பத்தியாக வந்துபோகும். தாம்பரம் வளாகம் மான்களுக்கும் மரங்களுக்கும் பேர்போனது. அங்கே வேளாண்மைப் பட்டப்படிப்பு நடந்ததில்லை. ஆனாலும் பயிரைப் பற்றி எப்படிக் கற்பது, எதை ஆராய்வது என்ற கேள்விக்கு இந்த இரண்டு நிலங்களும் தந்த விடைகள் ஒன்றுக்கொன்று நேரெதிர். ஒன்றில் இல்லாதது மற்றதில் இருந்தது. இரண்டும் கலந்த இடங்களில்தான் நம் வயலுக்கு உருப்படியான ரகங்கள் வந்தன என்பது என் கட்சி.

சைதாப்பேட்டையிலிருந்து தொடங்கலாம். பண்ணைக்கு வித்திட்டவர் ஆளுநர் சர் வில்லியம் டெனிசன். அவர் தொழிலால் பொறியாளர், ராணுவப் பொறியாளர் படையில் பயிற்சி பெற்றவர். பொறியாளர் ஒருவர் உழவைச் சீர்திருத்தப் புறப்பட்டால் முதலில் எதை வரவழைப்பார்? நீராவிக் கலப்பை, விதைப்பான், கதிரடிக்கும் இயந்திரம், தூற்றும் இயந்திரம், தீவனம் நறுக்கும் இயந்திரம் எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. விதையும் மண்ணும் பிறகுதான். பண்ணையை நடத்த வந்த வில்லியம் ராபர்ட்சன் சலிக்காத உழைப்பாளி. கினியாப்புல் நட்டார், கரோலினா நெல் போட்டுப் பார்த்தார், கால்நடைத் தீவனத்துக்கென்று சோளம் விதைத்தார், கனத்த இரும்புக் கலப்பையை நம் மாடு இழுக்காது என்று கண்டு இலேசான கலப்பை செய்யவைத்தார். மாகாணத்தின் பல மாவட்டங்களில் சுற்றி அறிக்கைகள் எழுதினார். அவர் சோம்பியிருந்தார் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது.

குறை வேறிடத்தில் இருந்தது. சைதாப்பேட்டையில் விடை முதலிலேயே தெரிந்திருந்தது. ஆழ உழ வேண்டும், எரு நிறைய வேண்டும், எருவுக்குக் கால்நடை வேண்டும், கால்நடைக்குத் தீவனப் பயிர் வேண்டும், ஆகவே பயிர்ச் சுழற்சி வேண்டும். இங்கிலாந்தில் அந்த நூற்றாண்டில் நன்றாகவே வேலை செய்த கணக்கு இது. அதைச் சென்னையில் மெய்ப்பித்துக் காட்டுவதுதான் பண்ணையின் வேலை என்று வைத்துக்கொண்டார்கள். ஆழ உழவு நமக்கு ஒன்றும் புதிதல்ல. அகல உழுவதை விட ஆழ உழு என்பது நம்மூர்ப் பழமொழி. ஆனால் பழமொழியைச் சொன்னவனுக்கு எந்த மாட்டைக் கட்டி, எந்த ஈரத்தில், எந்த மண்ணில் உழுவது என்பதும் தெரியும். செங்கல்பட்டு வட்டாரத்து விவசாயிக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று நெற்பட்டங்கள். ஏரி நிறைந்தால் ஒன்று, பாதி நிறைந்தால் ஒன்று, கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தால் வேறொன்று. ஏரியே நிறையாத வருஷம் கேழ்வரகும் கம்பும் வரகும். இந்தக் கணக்கில் பண்ணையின் கணக்கு எங்கே உட்கார்கிறது என்ற கேள்வியை யாரும் எழுப்பியதாகத் தெரியவில்லை.

நிலமும் சரியாக அமையவில்லை. அடையாற்றுப் பக்கத்து மணல் கலந்த மேட்டுநிலம், வளம் குறைந்தது. ஏரிப் பாய்ச்சலில் நெல் போடுகிறவனுக்கும் அது உதாரணமாகாது, கரிசலில் பருத்தி போடுகிறவனுக்கும் ஆகாது. நகரத்துக்கு அருகில், அதிகாரிகள் வந்து பார்க்க வசதியான இடம் என்பதுதான் அதன் பெரிய தகுதி.

இன்னொரு தடையும் இருந்தது. அது அந்தக் காலத்தின் குறை, ராபர்ட்சனுடையது அல்ல. ஒரு பாத்தியில் புது உரம், பக்கத்துப் பாத்தியில் பழைய உரம் போட்டு இரண்டின் விளைச்சலையும் நிறுத்துப் பார்ப்பது அன்றைய ஆராய்ச்சி முறை. பாத்திக்குப் பாத்தி மண் மாறும். அதிகம் விளைந்தது உரத்தாலா மண்ணாலா என்று பிரித்துச் சொல்ல வழி கிடையாது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஆர். ஏ. ஃபிஷர் 1919இல் சேர்ந்த பிறகுதான், ஒரே சோதனையைப் பல பாத்திகளில் குலுக்கல் முறையில் திரும்பத் திரும்பப் போட்டு, மண்ணின் வேறுபாட்டைக் கணக்கிட்டுக் கழிக்கும் முறை உருவாகி நிலைத்தது. இன்று தோட்டக்கலை படிக்கும் எந்த மாணவரைக் கேட்டாலும் 'ஆர்பிடி' (குலுக்கல் கட்ட அமைப்பு) என்று சொல்லிவிட்டுக் கட்டம் போட்டுக் காட்டுவார். சைதாப்பேட்டையில் இருந்தவர்களுக்கு அந்தக் கட்டம் கைக்கு எட்டவில்லை. அவர்கள் எழுதிவைத்த விளைச்சல் எண்களை எவ்வளவு நம்பலாம் என்பது சிக்கலான கேள்விதான்.

கல்லூரி தொடங்கிய அதே 1876இல் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது. வகுப்பறையில் பயிர்ச் சுழற்சி, வெளியே கஞ்சித்தொட்டி. பஞ்சத்தை ஆராய்ந்த குழு 1880இல் தந்த அறிக்கை, மாகாணந்தோறும் வேளாண் துறை வேண்டும் என்றது. சென்னையிலும் துறை வந்தது. துறை வந்ததும் கல்லூரிக்கு ஒரு நோக்கம் தானாக அமைந்துவிட்டது: அரசு வேலைக்கு ஆள் தயாரிப்பது. வேதியியல், தாவரவியல், கால்நடை மருத்துவம், நில அளவை எல்லாம் படித்து வெளியே வந்தவர்கள் பெரும்பாலும் நாடியது சர்க்கார் உத்தியோகத்தை. சொந்த நிலத்துக்குத் திரும்பி ஏர் பிடித்தவர்கள் குறைவு. இந்தப் புகார் இன்றும் வேளாண் கல்லூரிகள் மேல் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. மருத்துவம் படித்தவர் நோயாளியாகத் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

1889 கடைசியில் இங்கிலாந்திலிருந்து ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேளாண் வேதியியலாளர் வந்து இந்தியா முழுக்கச் சுற்றினார். 1893இல் வெளியான அவர் அறிக்கையில் எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் செய்தி ஒன்று உண்டு: நன்றாகப் பயிர் செய்யும் இந்திய உழவன் சராசரி ஆங்கிலேய உழவனுக்குச் சளைத்தவன் அல்ல, சில விஷயங்களில் மேலானவன். அவனுக்குக் குறை அறிவில் இல்லை, வசதியில்தான் என்றார். சைதாப்பேட்டைப் பண்ணையின் அடிப்படையே இதனால் ஆட்டம் கண்டது. உழவனுக்குக் கற்பிக்க வந்த இடம், உழவனிடமிருந்து என்ன கற்றது? காலப்போக்கில் ஆராய்ச்சிப் பண்ணை என்ற தகுதி போய், மாணவர்கள் பழகும் நிலமாக அது சுருங்கியது. 1906இல் கல்லூரியே கோயம்புத்தூருக்குக் கிளம்பியது. இன்று நந்தனம், சைதாப்பேட்டைப் பக்கத்து நிலப்பதிவுகளில் 'கவர்ன்மெண்ட் ஃபார்ம்' என்ற வருவாய்க் கிராமப் பெயர் உண்டு. பண்ணை இல்லை.

இனி தாம்பரம். பரங்கிமலை, பல்லாவரத்துக் கரும்பாறை தேய்ந்து உண்டான செம்மண் சரளை. மண்வெட்டி போட்டால் கல் தெறிக்கும். அதில் காசா, வீரை, உலக்கைப்பாலை, காரை, சிறுகளா என்று குட்டையாகவும் முள்ளாகவும் வளரும் உலர் பசுமைக்காட்டுச் செடிகள். கல்லூரிக்குக் கிடைத்தது இப்படி ஏறத்தாழ 365 ஏக்கர். பயிர் செய்ய யாரும் ஆசைப்படாத நிலம் என்பதால்தான் அது காடாக மிஞ்சியிருந்தது. சைதாப்பேட்டைக்காரர்கள் கையில் இது கிடைத்திருந்தால் முதல் வேலையாகப் புதரை வெட்டிக் கலப்பையை இறக்கியிருப்பார்கள்.

இங்கே இறங்கியவர் எட்வர்ட் பார்ன்ஸ், வேதியியல் பேராசிரியர். வளாகத்தில் எங்கே கட்டடம், எங்கே மரம் என்பதில் அவர் மனைவி ஆலிஸும் அவரும் காட்டிய அக்கறை கல்லூரிக்குள் இன்றும் பேச்சில் வரும். பார்ன்ஸ் மரம் நட்டதோடு நிற்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் காசித்தும்பை இனங்களையும் சேம்புக் குடும்பத்துப் பாம்புச்சேனை வகைகளையும் தேடித் திரட்டி எழுதினார். அரிசீமா பார்னேசியை என்று ஒரு செடிக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். வளாகம் குடிபுகுந்த நான்கே ஆண்டுகளில், 1941இல், இறந்துபோனார். பிறகு கணிதமும் புள்ளியியலும் நடத்திய கிஃப்ட் சிரோன்மணி தாம்பரம் வட்டாரத்துப் பறவைகளைப் பற்றி எழுதினார். கோலத்தின் இலக்கணத்தைக் கணக்கில் பிடித்தவரும் அவர்தான். வேதியியல்காரர் செடி தேடுகிறார், கணக்குக்காரர் பறவை பார்க்கிறார். தாவரவியல் துறை ஒன்று இருக்கும்போதே இது நடக்கிறது. நிலம் துறைகளுக்குள் அடைபடாமல் எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருந்ததால் வந்த பழக்கம் என்று நினைக்கிறேன். சைதாப்பேட்டையில் நிலம் ஒரு துறையின் சொத்து. அதில் இறங்க வேலை வேண்டும். தாம்பரத்தில் விடுதியிலிருந்து வகுப்புக்குப் போகும் வழியே காடு.

தாவரவியல் துறையின் பேராசிரியராக இருந்த பி. தயானந்தனின் ஆராய்ச்சி ஒன்று இந்த ஒப்பீட்டுக்கு நல்ல உதாரணம். 1970களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் காஃப்மனோடு சேர்ந்து, சாய்ந்த புல் எப்படி நிமிர்கிறது என்று பார்த்தார். புல் தண்டில் கணுவை ஒட்டி, இலையுறையின் அடியில் ஒரு தடித்த வளையம் இருக்கும். தண்டு காற்றில் சாய்ந்ததும் அந்த வளையத்தின் கீழ்ப்பக்கத்துச் செல்கள் மட்டும் நீள, தண்டு வளைந்து மேல்நோக்கி எழும். ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி இதில் எப்படிச் செயல்படுகிறது என்பதை அவர்கள் ஆராய்ந்தார்கள். இது விளைச்சலைப் பற்றிய கேள்வி அல்ல. ஆனால் கதிர் முற்றும் நேரத்தில் மழையும் காற்றும் அடித்து நெல் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஐப்பசி, கார்த்திகையில் வானத்தைப் பார்க்கும் எந்த விவசாயிக்கும் இது யாருடைய கேள்வி என்று தெரியும். சைதாப்பேட்டையில் படுத்த பயிரின் எடையை நிறுத்திருப்பார்கள். படுத்தது எப்படி எழுகிறது என்று கேட்க நேரம் இருந்திருக்காது.

தாம்பரத்தை உயர்த்திப் பேசிவிட்டு நிறுத்துவது நியாயமில்லை. அந்த வளாகத்துக்குள் விவசாயி வரவில்லை. வரக் காரணமும் இருக்கவில்லை. மதிலுக்கு வெளியே இராஜகீழ்ப்பாக்கத்திலும் செம்பாக்கத்திலும் மாடம்பாக்கத்திலும் ஏரி ஆயக்கட்டில் நெல் விளைந்த காலம் அது. அந்த நெல்லில் என்ன ரகம், என்ன பூச்சி என்று கேட்பது தாவரவியல் பாடத்திட்டத்தில் கிடையாது. மாணவர் செடியைப் பறித்து, அமுக்கி, காய வைத்து, தாளில் ஒட்டி, இலத்தீன் பெயர் எழுதுவார். நல்ல பயிற்சி, கண்ணைக் கூர்மையாக்கும் பயிற்சி. ஆனால் ஒட்டிய தாளுக்கும் ஆயக்கட்டுக்கும் நடுவில் ஒரு மதில் இருந்தது. அந்த வயல்கள் மனைகளாக மாறியபோது எந்த ரகங்கள் போயின என்று பெயர் சொல்லிப் பதிவு செய்தவர்கள் அநேகமாக யாரும் இல்லை. காட்டுச்செடிக்குக் கிடைத்த கவனம் மதிலைத் தாண்டியிருந்த பயிருக்குக் கிடைக்கவில்லை.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிறித்துவக் கல்லூரியைத் தொடங்கிய அதே ஸ்காட்லாந்து மிஷன் மரபில் வந்த ஆடம் ஆண்ட்ரூ என்ற பாதிரியார், சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகே மெல்ரோசாபுரம் என்ற குடியேற்றத்தை நடத்தினார். 1900களின் தொடக்கத்தில் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கே கிணற்றில் எண்ணெய் இன்ஜினும் பம்பும் வைத்து நீர் இறைத்துக் கணக்குப் பார்த்தார். ஏற்றமும் கவலையும் இறைத்த கிணறுகளுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சொல்லத் தேவையில்லை. சைதாப்பேட்டை இறக்கிய அத்தனை இயந்திரங்களில் ஒன்றும் இவ்வளவு தூரம் ஊருக்குள் போகவில்லை. பம்புசெட்டு போனது. ஏன் என்றால் விவசாயி ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அது விடை: இந்தக் கிணற்றிலிருந்து இன்னும் கொஞ்சம் தண்ணீர், இன்னும் கொஞ்சம் சுருக்காக. கல்லூரியில் பிறக்காத ஆராய்ச்சிதான் அதிகம் பரவியது என்பது, இரண்டு கல்லூரிகளை ஒப்பிடும் கட்டுரையில் கொஞ்சம் சங்கடமான செய்தி.

சைதாப்பேட்டையை விட்டுப் போன கல்லூரி கோயம்புத்தூரில் என்ன செய்தது என்று பார்த்தால் ஒப்பீடு தெளிவாகும். கோயம்புத்தூரில் நன்செய் உண்டு, கரிசல் உண்டு, செம்மண் உண்டு, கிணற்றுத் தோட்டக்கால் உண்டு. ஒரே இடத்தில் நாலு விதமான விவசாயிக்கும் உதாரணம் காட்டலாம். அதைவிட முக்கியம், அங்கே தாவரவியலாளர்கள் வயலுக்கு வந்தார்கள். 1912இல் நெல் இனப்பெருக்க நிலையமும் கரும்பு இனப்பெருக்க நிலையமும் தொடங்கின. நெல்லுக்கு வந்த பார்னெல் புதிதாக எதையும் கப்பலில் இறக்கவில்லை. நம் விவசாயிகள் போட்டுக்கொண்டிருந்த ரகங்களை வாங்கி வரிசை வரிசையாக நட்டுப் பார்த்தார். கோனாமணி என்ற ரகத்தில் தானாக மாறிப் பிறந்த செடியொன்று கண்ணில் பட்டது. சன்ன அரிசி. அதிலிருந்து வந்ததுதான் 1921இல் வெளியான ஜிஇபி 24. 'கவர்ன்மெண்ட் எகனாமிக் பாட்டனிஸ்ட்' என்ற பதவியின் பெயர்ச் சுருக்கத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு மக்கள் அதைக் கிச்சிலிச் சம்பா என்றே அழைத்தார்கள். ஆயிரம் செடியில் ஒன்று வேறாக இருப்பதைக் காணும் கண் தாவரவியல் கண். தாம்பரத்தில் ஒட்டிய தாள்கள் பழக்குவது அந்தக் கண்ணைத்தான். அந்தச் செடியை வயலில் வைத்து எடை போடும் பொறுமை சைதாப்பேட்டையின் பொறுமை.

கரும்பில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் தடித்த, இனிப்பான, நோஞ்சான் கரும்பை, ஆற்றங்கரையில் காடாக வளரும் நாணல் போன்ற பேய்க்கரும்போடு சேர்த்தார்கள். பேய்க்கரும்பில் சாறும் கிடையாது, யாரும் அதைப் பயிராக மதித்ததும் கிடையாது. பிறந்த குழந்தை கோ 205. 1918இல் வெளியாகி, வட இந்தியாவின் குளிரிலும் வறட்சியிலும் நின்று விளைந்தது. சைதாப்பேட்டை பார்வையில் பேய்க்கரும்பு களை. பிடுங்கி எறிய வேண்டியது. தாம்பரம் பார்வையில் அது ஒரு புல்லினம். தாளில் ஒட்ட வேண்டியது. அதைக் கரும்புக்குத் தந்தையாக்கலாம் என்று நினைக்க இரண்டு பார்வையும் ஒரே ஆளுக்கு வேண்டியிருந்தது.

ஜானகி அம்மாள் இதே வழியில் வந்தவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பாடம் நடத்தி, மிச்சிகனில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். 1934இலிருந்து 1939வரை கோயம்புத்தூர் கரும்பு நிலையத்தில் செல்லியல் ஆய்வாளர். கரும்பை மூங்கிலோடும் மக்காச்சோளத்தோடும் இனக்கலப்புச் செய்து பார்த்தார். பிறகு இங்கிலாந்தில் மரபியலாளர் சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்த நூலை 1945இல் வெளியிட்டார். விஸ்லி தோட்டத்தில் மேக்னோலியா மரங்களில் வேலை செய்தார். கடைசிக் காலத்தைக் கழித்தது சென்னையின் புறநகரில்தான்: சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதுரவாயல் கள ஆய்வுக்கூடத்தில், மருந்துச் செடிகளோடு. 1984இல் இறந்தார். கலைக்கல்லூரித் தாவரவியலிலிருந்து பயிருக்கு, பயிரிலிருந்து தோட்டக்கலைக்கு, அங்கிருந்து திரும்பக் காட்டுச் செடிக்கு என்று ஒரே ஆயுளில் எல்லா வேலிகளையும் தாண்டியவர். அவரை எந்தத் துறையின் பாடத்தில் சேர்ப்பது என்று இன்னும் தடுமாறுகிறார்கள்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்றும் உண்டு. திருவள்ளூர் மாவட்டம் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஜிஇபி 24ஐயும் கோ 18ஐயும் சேர்த்து எடுத்த டிகேஎம் 6 என்ற ரகம் 1952இல் வந்தது. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் அதற்கு இருந்தது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆய்வு நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு ஐஆர் 20 உருவாக்கியது. பிறகு ஐஆர் 36இல் டிகேஎம் 6இன் இரத்தமும், ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லின் இரத்தமும் சேர்ந்தன. புல் குட்டை நச்சுயிரியைத் தாங்கும் குணத்தைத் தந்தது அந்தக் காட்டு நெல்தான். ஆசியாவில் கோடிக்கணக்கான ஏக்கரில் விளைந்த ஒரு நெல்லுக்குள் தொண்டை மண்டலத்துப் பண்ணையும் இருக்கிறது, குட்டையோரத்துக் களையும் இருக்கிறது.

இப்போது தென்சென்னைப் புறநகரில் பயிர்க்கல்வி எங்கே நடக்கிறது? காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. விவசாயிக்கும் பெண்கள் குழுக்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். காட்டாங்குளத்தூரில் பெரிய வளாகம் வைத்திருக்கும் எஸ்ஆர்எம், வேளாண் கல்லூரியை மதுராந்தகம் பக்கம் பாபுராயன்பேட்டையில் வைத்திருக்கிறது. புறநகரில் வயல் தீர்ந்துபோனால் வயலைத் தேடித் தெற்கே போகத்தான் வேண்டும். நூறாண்டுக்கு முன் சைதாப்பேட்டையிலிருந்து கோயம்புத்தூருக்குப் போனபோதும் தேடியது ஏற்ற வயலைத்தான்; இந்த முறை ரியல் எஸ்டேட் துரத்துகிறது.

பாடத்தில் மாற்றம் வந்திருப்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். நாலாண்டு வேளாண், தோட்டக்கலைப் பட்டங்களில் மாணவருக்கு வயலில் சொந்தப் பாத்தி கொடுத்து விதைப்பிலிருந்து அறுவடைவரை அவரே பார்க்க வைக்கிறார்கள். கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு பழகும் பயிற்சியும் உண்டு. சைதாப்பேட்டையில் விவசாயி பார்வையாளர். இந்தத் தங்கலில் மாணவர்தான் பார்வையாளர். தலைகீழாகத் திரும்பியது நல்லது. ஆனால் செடியை அடையாளம் காணும் பயிற்சி அங்கே சுருங்கிவிட்டது. களை மருந்தின் பெயர் தெரிந்த அளவுக்குக் களையின் பெயர் தெரிவதில்லை. மூன்றாண்டுத் தாவரவியல் பட்டத்தில் இதற்கு நேர்மாறு. நரிப்பயறும் பச்சைப்பயறும் ஒரே பேரினம் என்று சொல்லத் தெரிந்த மாணவர், பச்சைப்பயறு எந்தப் பட்டத்தில் விதைக்கிறார்கள் என்று கேட்டால் விழிப்பார்.

புறநகரின் தோட்டம் இப்போது மொட்டைமாடிக்கு ஏறிவிட்டது. 2013-14 வாக்கில் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்புகளைக் கொடுக்கத் தொடங்கியபோது சென்னையிலும் கோவையிலும் நிறையப் பேர் வாங்கினார்கள். தென்னைநார்க் கழிவு, பை, விதை, உயிர் உரம். சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் முடிச்சூரிலும் அந்தப் பைகளில் கத்தரியும் வெண்டையும் இன்றும் நிற்கின்றன. சித்திரை வெயிலில் தளத்தின் சூடு வேருக்கு ஏறுகிறது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் பையில் உப்பாகவே தங்குகிறது. மாடி உயரத்துக்கு எந்தத் தேனீ வருகிறது, எந்த மாவுப்பூச்சி முதலில் வருகிறது என்று ஆளுக்கொரு அனுபவம் சொல்கிறார்கள். காய்கறி ரகங்களின் சிபாரிசு பெரும்பாலும் வயலில் எடுத்த எடையை வைத்தே வருகிறது. மாடியில் எடுத்த எடை யாரிடம் இருக்கிறது?

இதற்கு வேண்டியது பெரிய பண்ணை அல்ல. பத்து மாடி, ஐந்து ரகம், ஒவ்வொரு மாடியிலும் எல்லா ரகமும், குலுக்கிப் போட்ட வரிசை, மாடியே கட்டம். எடையையும் தண்ணீரின் உப்பையும் பாபுராயன்பேட்டை மாணவர்கள் அளக்கலாம். பையில் தானாக முளைக்கும் குப்பைமேனி, கீழாநெல்லியிலிருந்து பூவுக்கு வரும் தேனீவரை தாம்பரத்துத் தாவரவியல், விலங்கியல் மாணவர்கள் பெயர் சொல்லிப் பதியலாம். மாடிக்காரர்கள் எதை எப்போது விதைத்தார்கள், ஏன் விட்டார்கள் என்பதையும் கேட்டு எழுத வேண்டும். அது இல்லாமல் போனால் இன்னொரு சைதாப்பேட்டைதான். ஆடிப்பட்டத்தில் தொடங்கினால் மார்கழிக்குள் முதல் எண்கள் கையில் இருக்கும்.